எலும்பு அறையில் மூணு விளக்கு

மார்ச் 3

அக்கா,

கவர் மேல என் கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுடாத. என் நம்பர நீ பிளாக் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. டிராவல்ஸ் ஆபீஸ் போன்ல இருந்து அடிச்சா நான் "அக்"னு சொல்றதுக்குள்ள கட் பண்ற. அதான் உன் பல்லு லேப் அட்ரஸுக்கு எழுதுறேன். அங்க செட் செட்டா பல்லு காயுற டேபிள்ல உக்காந்து படி. வீட்டுக்குக் கொண்டு போகாத.

காலேஜ விட்டதுக்கு நீ என்ன வீட்ட விட்டுத் துரத்தின பிறகு நான் செத்துடல. ஒரு டூர் வண்டியில கைடா இருக்கேன். ஒரு நாள் ட்ரிப். காலைல கிளம்பி, மலை மேல இருக்குற பழைய மடம், அப்புறம் அதுக்குப் பக்கத்து மலை ஊரு, சாயந்தரம் திரும்பிடணும். மைக்க வாய்ல சொருகிட்டு "இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க"ன்னு கத்துறதுதான் வேலை. உனக்குத்தான் தெரியுமே, என் வாய்க்கு ஏத்த வேலை.

அந்த மடத்துல துறவிங்க யாரும் பேச மாட்டாங்க. விதி. சோப்பு விக்கிற கடையில இருக்குற ஒரே ஒரு சாமியார் மட்டும் பேசலாம், அதுவும் வெலை மட்டும். கீழ ஒரு எலும்பு அறை இருக்கு. அந்த மடத்துல செத்தவங்க மண்டை ஓடெல்லாம் அலமாரியில அடுக்கி வச்சிருக்காங்க, மளிகைக் கடையில டப்பா அடுக்குற மாதிரி. ஒரு துறவி அத தெனம் துணியால தொடைப்பாரு. தாடி, தலைக்கு மேல முக்காடு, குனிஞ்ச தலை. எட்டு மாசமா அவர் பக்கத்துல நின்னு நான் ஜோக் அடிச்சிட்டிருக்கேன். "இவருக்கு மேனேஜர் தொல்லை இல்ல, ஏன்னா மேனேஜருங்க எல்லாம் அலமாரியில இருக்காங்க." எல்லாரும் சிரிப்பாங்க.

நேத்து ஒரு கெழவர் தடுமாறி இரும்பு கிரில்ல இடிச்சாரு. கிரில் ஆடுச்சு. அந்தத் துறவி கிரில்லப் பிடிக்க வந்தாரு. பிடிக்கிறதுக்கு முன்னாடி புறங்கையால லேசா தொட்டுப் பாத்தாரு. அப்புறந்தான் பிடிச்சாரு.

அக்கா, இரும்ப யாரு அப்படித் தொடுவா? கரண்ட் இருக்கான்னு பாக்குறவன் தொடுவான். நம்ம வீட்டு ஃபிரிட்ஜ ஒரு ஆளு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தொட்டுத் தொறப்பாரு.

லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போயி ஒன்பது வருஷமா எறங்காத ஆளு, கீழ எலும்பு அறையில நிக்கிறாரு.

எழுது. இல்ல, எழுதாத. உன் இஷ்டம்.

எலி

-----

மார்ச் 9

டேய் எலி,

படிச்சேன். ஓனர் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, மேல் வரிசைப் பல்லு ஒண்ணு கை நழுவி உடைஞ்சுது. அதோட பாவமும் உன்னையே சேரும்.

நீ பொய் சொல்ற. நீ பரிட்சை எழுதினேன்னு சொன்ன, எழுதல. ஹாஸ்டல்ல இருக்கேன்னு சொன்ன, பஸ் ஸ்டாண்ட்ல படுத்திருந்த. அம்மா ராத்திரி பகலா ஹோட்டல் பெட்ஷீட் தேய்ச்சு கட்டின காச நீ ஊதித் தள்ளின. அதுக்குத்தான் வெளிய தள்ளினேன். இப்ப நடு முதுகுல குத்த உனக்கு ஒரு கத்தி வேணும், அதுக்குத் தாடி ஒட்டி அப்பான்னு பேர் வச்சிருக்க.

கேட்டுக்கோ. அந்த ஆளு செத்துட்டாரு. நான்தான் கோர்ட்டுக்கு அலைஞ்சேன். ஏழு வருஷம் காணோம்னா செத்ததா எழுதித் தருவாங்க, தந்தாங்க. ஜட்ஜ் தலையைக் கூட நிமிர்த்தல. அன்னிக்குத்தான் அம்மா முதல் தடவையா பால்கனி கதவச் சாத்திட்டுப் படுத்தா.

இன்னொண்ணு. அம்மாவுக்குக் கல்யாணம். ஏப்ரல் இருபத்தேழு, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. மூலைக் கடையில பூட்டு விக்கிறாரே, சாவி அடிச்சுக் குடுப்பாரே, அவரு. பொண்டாட்டி செத்து நாலு வருஷம். அம்மாகிட்ட ஒரு தடவை கூட குரல ஒசத்திப் பேசினது இல்ல. ஹோட்டல்ல சூட்டுல நின்னு அம்மா காலு வீங்குதுன்னு ஒரு ஸ்டூல் செஞ்சு குடுத்தாரு. ஒன்பது வருஷத்துல அவளுக்கு உக்கார எடம் குடுத்த முதல் ஆம்பள.

உன் அப்பா உசிரோட இருந்தா இந்தக் கல்யாணம் செல்லாது. புரியுதா? அதனால அவரு உசிரோட இல்ல.

போன் பண்ணாத. ஒரே ரூம் வீடு, அம்மா காதுல விழும். உன் நம்பர் பிளாக்ல தான் இருக்கும். எழுதணும்னா லேபுக்கு எழுது. உண்மையிருந்தா மட்டும் எழுது.

அக்கா

-----

மார்ச் 14

ஹெட்மாஸ்டர் அம்மா,

உண்மை வேணுமா? நல்லா உக்காந்துக்கோ.

எலும்பு அறை பின்னாடிச் சுவத்துல சின்னச் சின்னத் தகடு அடிச்சிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு எண்ணெய் விளக்கு. துறவிங்க வீட்டுல செத்தவங்க பேரு. நான் எட்டு மாசமா அத தூரத்துல இருந்து கை காட்டிட்டு "இறந்தவர்களுக்கான விளக்குகள்"னு சொல்லிட்டுப் போயிடுவேன். கிட்டப் போய்ப் படிச்சதே இல்ல. இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, எவன் படிப்பான்?

போன ட்ரிப்ல கூட்டத்த சோப்புக் கடைக்கு அனுப்பிட்டு செல்போன் லைட் அடிச்சுப் படிச்சேன். மூணு விளக்கு, பக்கத்துப் பக்கத்துல. அம்மா பேரு. உன் பேரு. என் பேரு. உன் பேருலயும் என் பேருலயும் அவரோட இனிஷியல்.

நீ அவரு செத்துட்டாருன்னு எழுதி வாங்கின இல்ல? அவரு உனக்கு முன்னாடியே நம்ம மூணு பேரையும் சாகடிச்சு விளக்கு ஏத்திட்டாரு.

சோப்பு சாமியார்கிட்ட வெலை கேக்குற மாதிரி கேட்டேன். வெலை மட்டும் பேச வேண்டிய ஆளு, சுத்திப் பாத்துட்டு ரகசியமாச் சொன்னாரு. குடும்பம் இருக்குறவங்கள மடத்துல சேர்க்க மாட்டாங்களாம். யாராவது அழ வந்துடக் கூடாதாம். இவரு வந்தப்ப பொண்டாட்டி புள்ளைங்க தீ விபத்துல போயிட்டாங்கன்னு சொன்னாராம். "பாவம், வந்த புதுசுல சாப்பிடவே இல்ல"ன்னு சோப்பு சாமியார் கண்ணத் தொடைச்சாரு. நான் லாவெண்டர் சோப்பு ரெண்டு வாங்கிட்டு வந்தேன்.

இதுல பெரிய விஷயம் என்ன தெரியுமா? என் சட்டையில பேட்ஜ் இருக்கு. கைடு வேலைக்கு மாட்டியே ஆகணும். முழுப் பேரு, இனிஷியலோட, கொட்டை எழுத்துல. எட்டு மாசமா அந்த ஆளுக்கு ரெண்டு அடி தூரத்துல அந்தப் பேட்ஜோட நின்னு சிரிச்சுப் பேசியிருக்கேன். அவரு என்னப் படிச்சிருக்காரு. படிச்சிட்டு மண்டை ஓடு தொடைச்சிருக்காரு.

எனக்கு அம்மா கல்யாணத்தக் கெடுக்கணும்னு எந்த வெறியும் இல்ல. பூட்டுக்காரர் நல்லா இருக்கட்டும். எனக்கு வேணும்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த ஆளு வாயால என் பேர் வரணும். ஒரு தடவை. எல்லார் முன்னாடியும். அதுக்கு அப்புறம் அவரு எக்கேடு கெட்டாலும் சரி.

எலி

-----

மார்ச் 20

எலி,

ரெண்டு நாளா நான் செஞ்ச பல்லு ஒண்ணும் ஈறுல உக்காரல. ஓனர் "காதலா?"ன்னு கேக்குறாரு.

தீ விபத்தா? நல்லா யோசிச்சிருக்காரு. உடம்பு கூட மிச்சம் வேண்டாம்னு.

நான் இது வரைக்கும் உன் அப்பா எங்கயாவது ரோட்டுல விழுந்து செத்திருப்பாருன்னுதான் நெனச்சேன். நெஜமா நெனச்சேன். அதுக்காக அழுதும் இருக்கேன். பதினேழு வயசுல பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன், அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. தண்ணி பில் ஏறிடுச்சுன்னு அம்மா திட்டினா. அப்ப அந்த ஆளு மலை மேல எனக்கு எண்ணெய் ஊத்திட்டு இருந்திருக்காரு.

பேச மாட்டாரு இல்ல? நல்லது. காது இருக்கு இல்ல?

அந்த மேனேஜர் ஜோக்க விடு, அது மொக்க. அடுத்த ட்ரிப்ல விளக்குப் பக்கத்துல நின்னு, தீ விபத்துல போன குடும்பத்துக் கதைய கூட்டத்துக்கு சொல்லு. அவர் சொன்ன அதே கதை. நான் சொல்றதையும் சேத்துக்கோ. பொண்ணுக்கு காலேஜ்ல எடம் கெடச்சிருந்துச்சு, அந்தக் காகிதத்த மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிட்டு வேலைக்குப் போனான்னு சொல்லு. பொண்டாட்டி ஒன்பது மணிக்கு மேல லிஃப்ட் சத்தம் கேட்டா தட்டுல சோறு போடுவா, லிஃப்ட் வேற மாடியில நின்னா திரும்பக் கொட்டுவான்னு சொல்லு. பேர் எதுவும் சொல்லாத. வெறும் கதை. சுற்றுலாக் கதை.

அப்புறம் டெஸ்டர் விஷயத்தையும் சொல்லு.

உனக்குத் தெரியும் எதுன்னு. அவரு போன அன்னிக்குக் காலைல, போகக் கூடாதுன்னு நீ அவரோட கரண்ட் டெஸ்டர எடுத்து ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சது. டெஸ்டர் இல்லாம போயி ஷாக் அடிச்சுத்தான் செத்தாருன்னு நீ வருஷக்கணக்கா நெனச்சது. எலக்ட்ரிகல் லேப்ல ஒயரத் தொட முடியாம நீ படிப்ப விட்டது. இத நான் அம்மாகிட்ட கூட சொன்னதில்ல. உன்னத் துரத்தின அன்னிக்கு உன் மூஞ்சிக்கு நேரா மட்டும் சொன்னேன். இப்ப அவரு மூஞ்சிக்கு நேரா நீ சொல்லு.

அக்கா

-----

ஏப்ரல் 2

அக்கா,

உன்ன மாதிரி ஒரு ஆளு எதிரியா இல்லாம கூடப் பொறந்தது என் அதிர்ஷ்டம். டெஸ்டரப் பத்தி நீ எழுதினதப் படிச்சிட்டு அந்த லெட்டரக் கசக்கிப் போட்டேன். அப்புறம் பிரிச்சுத் தடவி எடுத்தேன். சொன்னேன்.

மொத ட்ரிப்புல சோறு கொட்டுற கதை. ஒரு பொம்பள கைக்குட்டைய எடுத்துட்டாங்க. அந்த ஆளு கைல இருந்த மண்டை ஓட்ட ரெண்டு தடவை தொடைச்சாரு. ஏற்கெனவே தொடைச்சதுதான்.

ரெண்டாவது ட்ரிப்புல அரிசி டப்பா. துணி கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு சின்னப் பொண்ணு எடுத்துக் குடுத்துச்சு.

மூணாவது ட்ரிப்புல டெஸ்டர். "அந்தப் பையன் சாகுற வரைக்கும் அப்பாவ தான்தான் கொன்னோம்னு நெனச்சான்"னு சொன்னேன். நடுவுல நிறுத்தி, மைக் சரியில்லன்னு தட்டினேன். அந்த ஆளு திரும்பினாரு அக்கா. முக்காட்டுக்குள்ள இருந்து நேரா பாத்தாரு. வாயத் தொறந்தாரு. வாய்க்குள்ள ஒரு சத்தம் கெளம்பி நின்னுச்சு, நீர் வத்தின குழாய்ல காத்து வருமே அப்படி. அப்புறம் மூடிக்கிட்டாரு.

வந்துடும். இன்னும் ஒண்ணு ரெண்டு ட்ரிப், பேர் வந்துடும்.

ஒருத்தர் கேட்டாரு, "தம்பி, இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" "கைடுன்னா சும்மாவா சார்"னேன். மலை ஊர்ல அவர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அந்த ஊர்ல ஒண்ணும் இல்ல அக்கா, சரிவான தெரு, தொப்பிக் கடை, டீக்கடை, பள்ளத்தாக்கப் பாத்து நாலு பெஞ்சு, பஸ் ஸ்டாண்ட். ஆனா ஜனங்க மடத்துல அழுதுட்டு வந்து அங்க தொப்பி போட்டுப் பாத்து சிரிப்பாங்க. இப்ப என்னால டிப்ஸ் கூடியிருக்கு. அழ வச்சா ஜனங்க நல்லாத் தருவாங்க.

அடுத்ததுக்கு என்ன வச்சிருக்க? அனுப்பு.

எலி

-----

ஏப்ரல் 7

எலி,

நிறுத்து. எல்லாத்தையும் நிறுத்து.

நேத்து பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாவ ஒரு நாள் வெளிய கூட்டிட்டுப் போகணுமாம். எங்க தெரியுமா? உன் வண்டி. டிராவல்ஸ்ல விசாரிச்சு நீ எந்த வண்டின்னு கண்டுபிடிச்சு, பதிமூணாந்தேதிக்கு ரெண்டு சீட் போட்டுட்டாரு. "பையன் வேலை பாக்குறத அவங்க பாக்கணும், கோவிச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு"ங்கிறாரு. அம்மா வெக்கத்தோட நிக்கிறா. உனக்குப் பிடிக்கும்னு கடலை உருண்டை பிடிச்சு வச்சிருக்கா. நான் என்னத்தச் சொல்லித் தடுக்க? மலை ஏறினா தலை சுத்தும்னேன். "சுத்தினா சுத்தட்டும், நான் எங்கதான் போனேன்"ங்கிறா.

வேற கைடுகிட்ட மாத்தி விடாத. மாத்தினா அவன் நேரா எலும்பு அறைக்குக் கூட்டிட்டுப் போவான். நீயே கூட்டிட்டுப் போ. அந்த அறை பக்கமே திரும்பாத. சோப்பு வாங்கிக் குடு, தோட்டத்தக் காட்டு, மலை ஊருக்கு எறக்கிடு.

நீ அவ மேலயும் கோவமா இருக்கேன்னு எனக்குத் தெரியும். நான் துரத்தினப்ப அவ பேசாம இஸ்திரி போட்டுட்டு இருந்தான்னு நெனப்ப. இருந்தா. ஆனா அன்னிக்கு அவ ஹோட்டல் துணி ஒண்ணக் கருக்கிட்டா. அவ வாழ்க்கையிலயே கருக்கின ஒரே துணி.

அவ ஸ்டூல்ல உக்காந்துட்டா எலி. எழுப்பி விட்டுடாத.

அக்கா

-----

ஏப்ரல் 14

அக்கா,

நேத்து நடந்தத ஒழுங்காச் சொல்றேன், நடுவுல திட்டாத.

அம்மா முன் சீட்டு. நான் மைக்ல பேசினப்ப எல்லாம் பக்கத்துப் பொம்பளைகிட்ட "என் பையன்"னு சொல்லிட்டே வந்தா. பூட்டுக்காரர் ஒவ்வொரு வளைவுலயும் "அடேங்கப்பா"ன்னாரு. கேட்டியா, எனக்கு அவரப் பிடிச்சுப் போச்சு. வெறுக்கலாம்னுதான் வந்தேன், ஆளு எடமே குடுக்கல.

நீ சொன்னபடி தோட்டம், சோப்பு. எலும்பு அறை படிகிட்ட வந்ததும், "இன்னிக்கு ரிப்பேர், பூட்டியிருக்காங்க"ன்னேன். எந்த வார்த்தைய யார் முன்னாடி சொல்றோம்னு நான் யோசிக்கல பாரு. பூட்டுக்காரர் கண்ணு மின்னுச்சு. "பூட்டா? பழங்காலத்துப் பூட்டா? தூரத்துல இருந்து பாத்துக்கிறேன் தம்பி, தொட மாட்டேன்"னு தடதடன்னு எறங்கிட்டாரு. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. தொறந்துக்கிச்சு. "தம்பி, தொறந்துதான் இருக்கு, எல்லாரும் வாங்க!"ன்னு கூப்பிடுறாரு. ஒரு வண்டி ஜனமும் எறங்குது. அம்மா கைப்பிடியப் பிடிச்சிட்டு எறங்குறா. நான் மைக்கோட மரம் மாதிரி நிக்கிறேன்.

பூட்டுக்காரர் வாசல்லயே கதவுப் பூட்டுக்கு முன்னாடி மண்டி போட்டுட்டாரு, அவர் வேற எதையும் பாக்கல. அம்மா உள்ள போயிட்டா.

அந்த ஆளு விளக்குகிட்ட நின்னாரு. கைல எண்ணெய்க் கிண்ணம். அம்மாவப் பாத்தாரு. நான் சொல்றேன் அக்கா, அலமாரியில இருந்த மண்டை ஓடுங்க மூஞ்சியில கூட அன்னிக்கு அவர விட ரத்தம் இருந்துச்சு.

அம்மா கண்ணாடி போட்டிருந்தா. தகட்டுகிட்ட குனிஞ்சு ஒண்ணொண்ணா படிச்சா. தன் பேரு. உன் பேரு. என் பேரு. அப்புறம் நிமிந்து அவர மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா, ஹோட்டல் பெட்ஷீட்ல கறை தேடுற மாதிரி. என் பக்கம் திரும்பி, "இவரு யாருப்பா?"ன்னு கேட்டா. சுற்றுலா வந்தவங்க கேக்குற மாதிரியே.

"இவரு குடும்பம் தீ விபத்துல போயிடுச்சும்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"பாவம்"னு சொன்னா. அப்புறம் நேரா அவர்கிட்ட, "அந்த நடு விளக்கு அணையப் போகுது, எண்ணெய் ஊத்துங்க"ன்னா. அவரு ஊத்தினாரு. பாதி தரையில போச்சு. அம்மா நின்னு பாத்தா. "சரி. இப்படியே எரியட்டும், அணைய விட்டுடாதீங்க"ன்னுட்டு படி ஏறிட்டா. பூட்டுக்காரர எழுப்பி, "வாங்க, முட்டி வலிக்கும்"னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

நான் கடைசியா ஏறினேன். பாதிப் படியில பின்னாடி இருந்து என் பேரு கேட்டுச்சு.

முழுப் பேரு இல்ல. அவரு மட்டும் கூப்பிடுவாரே, பாதிப் பேரு. குரல் தேஞ்சு போயிருந்துச்சு. ஆனா அறை முழுக்கக் கேட்டுச்சு. ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க.

நான் திரும்பல. "அந்தப் பேர்ல இருந்தவன் செத்துட்டான், சுவத்துல பாருங்க"ன்னு சொல்லிட்டு ஏறினேன். மைக் ஆன்ல இருந்துச்சு. மேல வண்டி வரைக்கும் கேட்டுச்சாம்.

மலை ஊர்ல அம்மா தொப்பி வாங்கினா. பச்சைத் தொப்பி. வண்டி இருட்டுற வரைக்கும் கழட்டல.

ஜெயிச்சுட்டோம் அக்கா. இன்னிக்குக் காலைல இன்னொரு வண்டி டிரைவர் சொன்னான், சத்தம் கேட்டு மடத்து மூத்த சாமியார் அந்த ஆள விசாரிச்சாராம், இவரு குடும்பம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாராம். வெளிய அனுப்பிட்டாங்களாம். வந்தப்ப போட்டிருந்த சட்டையையும், தூக்கிட்டு வந்த டூல் பேகையும் திருப்பிக் குடுத்து.

ஒருவேளை உன் கிட்ட வருவாரு. வேற எங்க போவாரு? வந்தா, நான் செத்துட்டேன்னு சொல்லு. கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு, கேட்டுட்டுதான் திரும்பலன்னு சொல்லு. என் வாயால சொல்ற மாதிரியே சொல்லு.

எலி

-----

ஏப்ரல் 17

அக்கா,

போன லெட்டர் கடைசில எழுதினத விட்டுடு.

நேத்து ட்ரிப். எலும்பு அறையில வேற ஒரு துறவி தொடைக்கிறாரு. சின்ன வயசு. மண்டை ஓட்ட நேரா உள்ளங்கையால தூக்குறாரு. மூணு விளக்கையும் எடுத்துட்டாங்க. தகடு பிடுங்கின எடத்துல ஆணி ஓட்டை. கூட்டம் என் வாயையே பாத்துட்டு நிக்குது. "இறந்தவர்களுக்கான விளக்குகள்"னுட்டு வெளிய வந்துட்டேன்.

மலை ஊர்ல எல்லாரும் தொப்பி பாத்துட்டு இருந்தப்ப, நான் பஸ் ஸ்டாண்ட், டீக்கடை, நாலு பெஞ்சுன்னு ஓடித் தேடினேன். டீக்கடைக்காரர் சொன்னாரு, தாடிக்காரர் ஒருத்தர் ரெண்டு நாளா பெஞ்சுல உக்காந்திருந்தாராம். எந்த டூர் வண்டி வந்தாலும் எழுந்து நின்னு கைடுங்க சட்டையவே பாப்பாராம். எனக்கு ரெண்டு நாளும் லீவு. அப்புறம் கீழ போற பஸ்ல ஏறிட்டாராம்.

அவரு படிச்சிட்டு இருந்தது பேட்ஜ, என் பேரத் தேடி.

உனக்கு எத்தனையோ தடவை அடிச்சேன், இன்னும் பிளாக்ல தான் இருக்கேன். அம்மா நம்பர எடுத்து எடுத்து வச்சிட்டேன், என்னத்தச் சொல்ல? வந்தா வீட்டுக்குள்ள விட வேண்டாம். கல்யாணம் நடக்கட்டும். லேப்ல உக்கார வை, இல்ல தெரு முனையில நிறுத்தி வை. எங்கயும் போக விடாத. அடுத்த வாரம் லீவு போட்டுட்டு நான் வரேன். ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு தடவை கூப்பிட்டாரு, நான் என்னன்னு கேக்கல. அது என்னன்னு கேக்கணும், அவ்வளவுதான்.

எலி

-----

ஏப்ரல் 20

எலி,

உன் பதினாலாந்தேதி லெட்டர் வெள்ளிக்கிழமை கெடச்சுது. பதினேழாந்தேதி லெட்டர் இன்னிக்குத்தான் வந்துச்சு. அவரு நடுவுல வந்துட்டாரு.

சனிக்கிழமை சாயந்தரம். கிரில் கேட்டுக்கு வெளிய ஆள் நிழல் தெரிஞ்சுது. அழைப்பு மணி அடிக்கல. கேட்ட புறங்கையால தொட்டாரு, அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பூட்டுக்காரர் புதுசாப் போட்ட பூட்டையே பாத்துட்டு நின்னாரு. நான் தொறக்கல. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னேன்.

அவர் மன்னிப்பு கேட்டா என்ன சொல்லணும்னு ஒன்பது வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கல. அம்மாவப் பத்திக் கேக்கல, என்னப் பத்திக் கேக்கல. "தம்பி எங்க?"ன்னாரு.

செத்துட்டான்னு சொன்னேன்.

தலைய ஆட்டினாரு. "நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் திரும்பல. உங்ககிட்ட இப்படியே சொல்லச் சொன்னான்."

நீ எழுதினத ஒரு வார்த்தை மாத்தாம சொன்னேன். நீ சொன்னத நான் ஒழுங்காச் செஞ்சது வாழ்க்கையில இது ஒண்ணுதான்.

டூல் பேகத் தொறந்து எதையோ எடுத்தாரு. டெஸ்டர். மஞ்சப் பிடி. "அன்னிக்குப் பையில இன்னொண்ணு இருந்துச்சுன்னு அவன்கிட்ட..."ன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் அவரே நிறுத்திட்டு, "சரி, செத்தவன்கிட்ட எப்படிச் சொல்லுவ"ன்னு திரும்பப் பையில போட்டுக்கிட்டாரு.

உள்ள இருந்து அம்மா "யாருடி?"ன்னா. இஸ்திரிப் பெட்டி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, கல்யாணப் புடவை. "வீடு மாறி வந்துட்டாங்கம்மா"ன்னேன். "அப்ப கதவச் சாத்து, தூசி வருது"ன்னா. அவ குரல் வெளிய வரைக்கும் போச்சு. அதுக்கு அப்புறம் அவரு நிக்கல.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாரு. எந்த பஸ்னு பாக்கல. லிஃப்டுல போகல, படியில எறங்கினாரு.

இதையெல்லாம் உனக்கு எழுதாம விட்டிருக்கலாம். டெஸ்டர் இன்னொண்ணு இருந்துச்சுங்கிறத மட்டுமாவது எழுதாம விட்டிருக்கலாம். ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். பேச வேண்டியதப் பேசாம இருந்த ஆளு இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு தோணுச்சு.

மலையில இருந்து வந்த ரெண்டாவது நாளே அம்மா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கேட்டு தேதிய முன்னாடி இழுத்துட்டா. நாளன்னிக்கு, புதன்கிழமை; அதான் இத கூரியர்ல அனுப்புறேன். ஏன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. பச்சைத் தொப்பி ஆணியில தொங்குது.

நீ கட்டாயம் வரணுமாம். உன் நம்பர பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். பஸ் ஏறினதும் கூப்பிடு.

வரும்போது அந்த பேட்ஜக் கழட்டிட்டு வா.

அக்கா